ஃபோல்ட்ஸ்கோப் காகித நுண்ணோக்கி: வகுப்பறையில் வைத்து ஒரு மதிப்பீடு

ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கியை வீட்டில் ஒரு குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பது வேறு. ஒரு பள்ளி தன் அறிவியல் வகுப்புக்கு மொத்தமாக வாங்குவது வேறு. வீட்டில் பிடித்திருந்தால் குழந்தை எடுத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் அலமாரியில் கிடக்கும். பள்ளியிலோ கருவிக்கும் குழந்தைக்கும் நடுவே ஓர் ஆசிரியர் இருக்கிறார். அறிவு என்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது, ஒன்றை எப்போது உண்மையென்று ஏற்கலாம் என்பவை பற்றி அவர் வாய்விட்டுச் சொல்லாமலே மனத்தில் வைத்திருக்கும் எண்ணங்கள்தான், அந்தக் கருவியிலிருந்து குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்கின்றன. ஆசிரியர் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகச் சென்றுவரும் எனக்கு, இக்கருவியை வெவ்வேறு ஆசிரியர்கள் கையாளும் விதத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆகவே இந்த மதிப்புரையில் கருவிக்குப் பாதி இடமும் அதைக் கையிலெடுப்பவருக்குப் பாதி இடமும் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உயிரிப்பொறியியல் பேராசிரியராக இருக்கும் மனு பிரகாஷும் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த ஜிம் சிபுல்ஸ்கியும் முன்னின்று உருவாக்கிய இக்கருவியைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2014இல் வெளிவந்தது. பிரகாஷ் மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்தவர். உதிரிப்பொருள்களுக்கு ஆகும் செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்று அக்கட்டுரை கணக்கிட்டுக் காட்டியது. நாம் வாங்கும்போது ஸ்லைடு, பெட்டி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்வதால் விலை அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். நீரில் நனைந்தாலும் கெடாத செயற்கைத் தாளில் வெட்டுக்கோடு போட்ட பாகங்களைப் பெயர்த்தெடுத்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய தட்டையான நுண்ணோக்கி ஒன்று தயாராகிவிடும். அதன் நடுவே ஒரு சின்னக் கண்ணாடி மணி இருக்கிறது. லென்சு என்று அதில் இருப்பது அது ஒன்றே. பரவலாகக் கிடைக்கும் வடிவம் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதோடு, ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்தும் காட்டும். காந்த வளையம் ஒன்றைக் கொண்டு கைப்பேசிக் கேமராவோடு பொருத்திப் படமும் எடுக்கலாம். 2015இல் இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை பிரகாஷின் ஆய்வகத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, பின்னர் இக்கருவியைக் கல்வி நிலையங்களுக்குக் கொண்டுசெல்ல நிதியுதவியும் அறிவித்தது.

இதனால் எவற்றைப் பார்க்க முடியும் என்பதில் தெளிவு வேண்டும். வெங்காயத் தோலின் செல்கள், இலைத்துளைகளும் அவற்றின் இருபுறமுள்ள காப்பு செல்களும், செம்பருத்தி மகரந்தம், கொசுவின் இறக்கை, குளத்து நீரில் ஓடித்திரியும் ஒருசெல் உயிரிகள், தலைமுடி, உப்புப் படிகம் ஆகியவை நன்றாகத் தெரிகின்றன. பாக்டீரியாவை இதில் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்ப்பது கருவியின் தகுதிக்கு மீறியது. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் கூட்டு நுண்ணோக்கியில் 10 மடங்குக் கண்ணருகு லென்சும் 40 அல்லது 45 மடங்குப் பொருளருகு லென்சும் சேர்ந்து 400 அல்லது 450 மடங்கு பெரிதாக்கிவிடும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றை மணி லென்சு என்பதால் படத்தின் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் மங்கலாகவும் தெரிவது இதன் ஒளியியலோடு பிறந்த குணம். பார்வைப் பரப்பும் குறுகியது. கண்ணை மிக அருகில் கொண்டுபோக வேண்டும்; வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். சூரியனை நேராக நோக்கிப் பிடிக்கக் கூடாது என்பதை வகுப்பு தொடங்கும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். கூட்டு நுண்ணோக்கியில் தலைகீழாகத் தெரியும் பிம்பம் இதில் நேராகவே தெரிவது, புதிதாகப் பார்க்கும் குழந்தைகளுக்கு ஒரு வசதி.

களநிலையங்களில் விலையுயர்ந்த நுண்ணோக்கிகள் உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் கைபடாமல் கிடந்ததைக் கண்டதே இக்கருவிக்குத் தூண்டுதலாக இருந்தது என்று பிரகாஷ் சொல்லியிருக்கிறார். நம் அரசுப் பள்ளிகளையும் உதவிபெறும் பள்ளிகளையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பீரோவுக்குள் பூட்டிய நுண்ணோக்கி, அதன்மேல் பழைய துணி, ஸ்டாக் ரிஜிஸ்டரில் அதற்கொரு வரிசை எண், உடைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற கவலை ஆகியவற்றை எத்தனையோ பள்ளிகளில் காணலாம். மாணவர் கையில் நுண்ணோக்கியைக் கொடுக்காததற்கு இந்தக் கவலையை ஆசிரியர்கள் காரணமாகச் சொல்லும்போது அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபோல்ட்ஸ்கோப் இந்தக் காரணத்தை அகற்றிவிடுகிறது. இருவருக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டால் வரிசையில் நின்று அரை நிமிடம் எட்டிப்பார்க்கும் சடங்கும் போய்விடுகிறது. இவ்வளவும் நீங்கிய பிறகும் சில வகுப்பறைகளில் எதுவும் மாறவில்லை. அதைக் கண்டபோதுதான், தடையாக இருந்தது பீரோவின் பூட்டு மட்டும் அன்று என்று எனக்கு விளங்கியது.

ஒரு பள்ளியில், நல்ல பெயரெடுத்த மூத்த ஆசிரியர் ஒருவர் எட்டாம் வகுப்பில் இதைப் பயன்படுத்தினார். பாடத்தை ஐயமறச் சொல்வதில் வல்லவர். மாணவர்கள் அவரிடம் வைத்திருந்த மரியாதை உண்மையானது. அவர் முதலில் கரும்பலகையில் வெங்காயத் தோல் செல்லின் படத்தை வரைந்து, செல்சுவர், சைட்டோபிளாசம், உட்கரு என்று பாகங்களைக் குறித்தார். பிறகு மாணவர்கள் தோலை உரித்து, சஃப்ரானின் சாயமிட்டு, கருவியில் வைத்துப் பார்த்தார்கள். கடைசியாகக் குறிப்பேட்டில் வரைந்தார்கள். எல்லாப் படங்களும் கரும்பலகைப் படம்போலவே, செங்கல் அடுக்கிய சுவராக இருந்தன. ஒரு மாணவி மட்டும் செல்களுக்கு நடுவே, தடித்த கறுப்பு விளிம்போடு கூடிய வட்டம் ஒன்றையும் சேர்த்து வரைந்திருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, "அது காற்றுக்குமிழிம்மா, அதையெல்லாம் வரையக் கூடாது" என்றார். அவள் அழித்துவிட்டாள்.

ஆசிரியர் சொன்னது முற்றிலும் சரி; அது காற்றுக்குமிழிதான். ஆனால் அந்த உண்மை அவளுக்கு வந்து சேர்ந்த வழியைக் கவனிக்க வேண்டும். அவள் கண் ஒரு வட்டத்தைக் கண்டது. அது செல்லின் பாகம் அன்று என்பதை அவள் தெரிந்துகொண்டதோ ஆசிரியரின் வாயிலிருந்து. கண்ணில் பட்டதும் பலகையில் உள்ளதும் முரண்பட்டால் பலகையே வெல்லும் என்பதையும், அந்த முரண்பாட்டை ஆராய்வதற்கு வழி எதுவும் இல்லை என்பதையும் அவள் அந்தக் கணத்தில் சேர்த்தே கற்றுக்கொண்டாள். மற்ற மாணவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. கருவிக்குள் அவர்களுக்கும் குமிழிகள் தெரிந்திருக்கும். மங்கலும் மடிப்பும் கிழிசலும் தெரிந்திருக்கும். எதை வரைய வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால் அவற்றை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இந்த வகுப்பில் நுண்ணோக்கியின் வேலை, பாடநூலுக்குச் சாட்சி சொல்வது மட்டுமே. அதற்கு 140 மடங்கு பெரிதாக்கும் கருவி தேவையில்லை; பாடநூலில் இருக்கும் படமே போதும்.

அறிவைப் பற்றி ஒருவர் கொண்டிருக்கும் நம்பிக்கைகளைக் கல்வி ஆய்வாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். பார்பரா ஹோஃபரும் பால் பின்ட்ரிச்சும் 1997இல் வெளியிட்ட விரிவான ஆய்வுக்கட்டுரை, அறிவு எவ்வளவு உறுதியானது, அது தனித்தனித் துணுக்குகளா ஒன்றோடொன்று பின்னியதா, அது எங்கிருந்து வருகிறது, எதைக் கொண்டு அதை ஏற்கிறோம் என்னும் நான்கு கோணங்களில் இந்நம்பிக்கைகளைப் பிரித்துப் பார்த்தது. நான் மேலே சொன்ன மூத்த ஆசிரியரின் வகுப்பை இக்கோணங்களில் வைத்துப் பார்த்தால், செல்லைப் பற்றிய அறிவு முடிந்த முடிவானது, அது ஐந்தாறு பெயர்களின் தொகுப்பு, அதன் ஊற்று பாடநூலும் ஆசிரியரும், அதை ஏற்பதற்குக் காரணம் அவர்களின் தகுதி என்று ஆகிறது. அவரிடம் இப்படிக் கேட்டால் ஒருவேளை ஒப்புக்கொள்ளமாட்டார். அறிவியல் சோதனையால் வளர்கிறது என்று அவரே கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். ஆனால் மாணவர்கள் கற்றுக்கொள்வது அவருடைய மேடைப் பேச்சிலிருந்து அன்று, அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்து.

வேறொரு பள்ளியில், பணிக்கு வந்து அதிகக் காலம் ஆகாத ஆசிரியை ஒருவர், பலகையில் எதுவும் வரையாமலே தொடங்கினார். பார்ப்பதை வரையுங்கள், பிறகு பக்கத்திலிருப்பவர் வரைந்ததோடு ஒப்பிடுங்கள், வேறுபட்டால் ஸ்லைடை மாற்றிக்கொண்டு மறுபடி பாருங்கள் என்பவையே அவர் கொடுத்த அறிவுரைகள். கறுப்பு விளிம்பு வட்டம் இங்கும் வந்தது. அது வெங்காயத்தின் கண் என்றான் ஒருவன். உட்கரு அதுதான் என்று இருவர் உறுதியாகச் சொன்னார்கள். பாடநூல் படத்தில் உட்கரு வட்டமாகத்தானே இருக்கிறது! ஆசிரியை விடையைச் சொல்லவில்லை. "வெங்காயத்தோட பாகம்தான்னா எங்கெல்லாம் இருக்கணும், எங்கெல்லாம் இருக்கக் கூடாது?" என்று மட்டும் கேட்டார். சற்று நேரம் கூச்சலாக இருந்தது. ஒரு பையன் வெங்காயமே வைக்காமல் வெறும் தண்ணீர்த் துளியை மட்டும் ஒட்டி ஒரு ஸ்லைடு செய்து பார்த்தான். அதிலும் கறுப்பு விளிம்பு வட்டங்கள் இருந்தன. இன்னொருத்தி தன் ஸ்லைடின் மேலிருந்த ஒட்டுத்தாளை நகத்தால் அழுத்தினாள். வட்டம் நீண்டு நெளிந்து நகர்ந்தது, செல்சுவர்கள் அப்படியே நின்றன. அது வெங்காயத்தைச் சேர்ந்ததன்று என்ற முடிவுக்கு வகுப்பு தானாகவே வந்தது. காற்று என்ற சொல்லை ஆசிரியை அதற்குப் பிறகே சொன்னார்.

இரண்டு வகுப்புகளும் ஒரே உண்மையில்தான் வந்து நின்றன. தேர்வில் கேட்டால் இரண்டு வகுப்பு மாணவர்களும் ஒரே மதிப்பெண்தான் வாங்குவார்கள். ஆனால் இரண்டாம் வகுப்பில் வெறும் தண்ணீர் ஸ்லைடு செய்த பையன், ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுச் சோதனை என்னும் கருத்தை, அதன் பெயர் தெரியாமலே கையாண்டுவிட்டான். கருவியின் பயன் என்று நான் கருதுவது இதைத்தான். கூட்டு நுண்ணோக்கி ஒன்றே ஒன்று ஆசிரியர் மேசையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. தன் கையில் ஒரு கருவி இருந்ததாலும், ஒரு ஸ்லைடு வீணானால் யாரும் திட்டமாட்டார்கள் என்பதாலும்தான் அவனுக்கு அது தோன்றியது. கருவி மலிவாக இருப்பது இங்கே கற்றலுக்கு நேரடியாக உதவுகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அன்றைய பாடவேளை முழுதும் ஒரு குமிழிக்கே போய்விட்டது. செல்லின் பாகங்களை அவர் அடுத்த வகுப்பில்தான் தொட முடிந்தது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், புக் பேக் கேள்விகளைப் படிக்கவைக்க வேண்டும், ரெக்கார்டு நோட்டைத் திருத்த வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் ஆசிரியரிடம் போய், நீங்கள் அறிவைப் பற்றித் தவறான எண்ணம் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்வது அநியாயம். எல்லாவற்றையும் ஆசிரியரின் நம்பிக்கை மேல் போட்டுவிட முடியாது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நான்சி பிரிக்ஹவுஸ் மூன்று அறிவியல் ஆசிரியர்களை நெருங்கி ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட கட்டுரை, அறிவியல் அறிவைப் பற்றிய அவர்களின் கருத்து, பாடத்தையும் செய்முறையையும் அவர்கள் நடத்தும் முறையில் வெளிப்பட முடியும் என்று காட்டியது. நார்மன் லெடர்மன் 1999இல் ஐந்து உயிரியல் ஆசிரியர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வோ, அறிவியலின் இயல்பைப் பற்றி நல்ல தெளிவு இருந்தும் அது தானாகவே வகுப்புக்குள் வந்துவிடுவதில்லை என்றும், அனுபவமும் நோக்கமும் மாணவர்களைப் பற்றிய மதிப்பீடும் குறுக்கே நிற்கின்றன என்றும் கூறியது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பது என் எண்ணம். நம்பிக்கை இல்லாமல் நடைமுறை மாறாது. நம்பிக்கை இருந்தால் மட்டும் மாறிவிடும் என்பதும் இல்லை.

மூன்றாவதாக ஒரு வகுப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சிகளில் இப்போது அதிகம் பாராட்டப்படுவது இந்த வகை வகுப்புதான். அங்கே பாடம் நுண்ணுயிரிகள். ஆசிரியர் உற்சாகமானவர், மாணவர்களை ஒருபோதும் தாழ்த்திப் பேசாதவர். தயிரைத் தண்ணீரில் கரைத்து ஸ்லைடில் வைத்து, லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவைத் தேடச் சொன்னார். மாணவர்களுக்கு உருண்டை உருண்டையாகப் பல தெரிந்தன. "நான் பார்த்துட்டேன் சார்" என்று கைகள் உயர்ந்தன. எல்லாருடைய படத்துக்கும் நல்வாக்கு கிடைத்தது. அவரவர் பார்த்தது அவரவருக்குச் சரி என்றார் ஆசிரியர். உருண்டைகளில் பெரும்பாலானவை கொழுப்புத் துளிகள். லாக்டோபேசில்லஸ் கோல் வடிவம் கொண்டது, அதன் அகலம் 1 மைக்ரோமீட்டர் அளவில்தான் இருக்கும். கருவி பிரித்துக்காட்டும் எல்லையோ 2 மைக்ரோமீட்டர். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லி அந்த வகுப்பு மகிழ்ச்சியாகக் கலைந்தது.

டியானா குன் என்ற உளவியலாளர் அறிவைப் பற்றிய நிலைப்பாடுகளை மூன்றாகப் பிரிக்கிறார். அறிவு உறுதியான உண்மைகளின் தொகுப்பு என்பது முதல் நிலை. எல்லாம் கருத்துகளே, எல்லாக் கருத்துக்கும் சம மதிப்பு என்பது இரண்டாவது. கருத்துகளைச் சான்றுகொண்டு எடைபோடலாம், சில கருத்துகள் மற்றவற்றைவிட வலுவானவை என்பது மூன்றாவது. முதல் நிலையை விட்டு வெளியேறும் ஆசிரியர் பலர் இரண்டாவதில் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் அனுபவம். மாணவரை மையப்படுத்திய கல்வி என்ற பெயரில் இதை நாமே பயிற்சிகளில் வளர்த்தும் விட்டோம். மூத்த ஆசிரியரின் வகுப்பிலாவது மாணவர்கள் சரியான செய்தியோடு வெளியே வந்தார்கள். இரண்டில் எது கூடுதல் தீங்கு என்று கேட்டால், தயிர் வகுப்பைத்தான் சொல்வேன். அங்கே கேள்வி கேட்கும் தோற்றம் இருந்தது, கேள்வி இல்லை.

அதே தயிரை வைத்துச் சிறந்த வகுப்பு ஒன்றை நடத்தியிருக்கலாம். பாக்டீரியா தெரியவில்லை என்பதிலிருந்து தயிரில் பாக்டீரியா இல்லை என்று முடிவு செய்யலாமா? மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர். முடியைத் தயிர்த் துளிக்குள் வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் உருண்டைகளின் அளவைத் தோராயமாகக் கணிக்கலாம். 1 மைக்ரோமீட்டர் அகலமுள்ளது முடியின் அகலத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று மாணவர்களே வகுத்துப் பார்த்தால், ஏன் தெரியவில்லை என்பதும் விளங்கும், தெரிவதாகச் சொன்னவை அவையல்ல என்பதும் விளங்கும். பால் தயிராகும்போது புளிப்பது, உறைமோர் விடாமல் அப்படி ஆகாதது, கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் தோயாதது என்று கண்ணுக்குத் தெரியாததற்கும் வீட்டிலேயே சான்றுகள் இருக்கின்றன. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் எதற்கெடுத்தாலும் சொல்லும் பழமொழியில் விசாரிப்பு என்ற பகுதிக்கு அறிவியல் வகுப்பில் வேலை இருப்பது இங்கேதான். கருவியின் குறைபாடு என்று சொல்லப்படும் அந்த 2 மைக்ரோமீட்டர் எல்லை, நல்ல ஆசிரியர் கையில் ஒரு பாடமாகிவிடுகிறது.

பாடநூலில் ஒரு வரியாகச் சுருங்கிப்போன வரலாறும் இக்கருவியால் உயிர்பெறுகிறது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் செல்லைக் கண்டார் என்பது நம் மாணவர்களுக்கு ஒரு மதிப்பெண் விடை. லூவன்ஹூக் என்ற பெயரும் அப்படித்தான். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லூவன்ஹூக்குக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, இலத்தீனும் தெரியாது. அவர் பயன்படுத்திய கருவியும் ஃபோல்ட்ஸ்கோப் போலவே ஒற்றைச் சிறு லென்சு கொண்டதுதான். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய அதை நீரில் ஊறவைத்துப் பார்த்தபோது, அந்த நீரில் எண்ணற்ற நுண்ணிய உயிர்கள் அசைவதைக் கண்டு, 1676 அக்டோபரில் இலண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அங்கே அதை உடனே நம்பிவிடவில்லை. தாவரவியலாளர் நெகேமியா குரூ பார்க்க முயன்று வெற்றி பெறவில்லை. லூவன்ஹூக் மதிப்புக்குரிய எட்டுப் பேரை அழைத்துக் காட்டி, அவர்களின் சாட்சியத்தை எழுதி வாங்கி அனுப்பினார். கடைசியில் 1677 நவம்பரில் ஹூக் தாமே மிளகு நீர் தயாரித்து உறுப்பினர்களுக்குக் காட்டிய பிறகுதான் விவாதம் அடங்கியது.

இந்தக் கதையில் எட்டுச் சாட்சிகளின் தகுதி ஒரு பக்கமும் ஹூக்கின் மறுசோதனை இன்னொரு பக்கமும் நிற்கின்றன. எதைக் கொண்டு ஒன்றை உண்மையென்று ஏற்பது என்ற கேள்விக்கு அறிவியல் எப்படி விடை தேடிக்கொண்டது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறு ஒன்று பள்ளிப் பாடத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைச் செய்து பார்ப்பதும் எளிது. முழு மிளகைக் குளத்து நீரிலோ கிணற்று நீரிலோ போட்டு, மூடாமல் நிழலில் சில நாள் வைத்தால், மேலே ஏடு படியத் தொடங்கும். அந்த ஏட்டின் ஓரத்திலிருந்து ஒரு துளி எடுத்துப் பார்க்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் இதற்கு ஏற்றதன்று. ஓடித்திரியும் ஒருசெல் உயிரிகளுக்கு 140 மடங்கு தாராளமாகப் போதும். ஒரு குழுவுக்குத் தெரிந்து மற்றொரு குழுவுக்குத் தெரியாமல் போவது இதில் இயல்பாகவே நடக்கும். அப்படி நடந்தால் ஆசிரியர் அதற்காக வருந்த வேண்டியதில்லை, குரூவின் தோல்வியைச் சொல்லத் தகுந்த நேரம் அது. பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மட்டும் மறக்கக் கூடாது.

கருவியை மாணவர்களே மடித்து உருவாக்குவதைப் பற்றியும் ஒரு சொல். சில பள்ளிகளில் நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, ஆசிரியரே எல்லாவற்றையும் முன்னாளிலேயே மடித்து வைத்துவிடுகிறார். அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் லென்சு எங்கே இருக்கிறது, குவியம் எப்படி மாறுகிறது, மங்கலாகத் தெரிந்தால் பொருள் மங்கலா கருவி மங்கலா என்பதெல்லாம் தன் கையால் மடித்தவனுக்குத் தெரிந்த அளவுக்கு மற்றவனுக்குத் தெரியாது. கருவி எதைக் காட்டுகிறதோ அதை அப்படியே நம்பும் பழக்கம், ஆசிரியர் எதைச் சொல்கிறாரோ அதை அப்படியே நம்பும் பழக்கத்தைவிடப் பெரிதாக மேம்பட்டதன்று. ஆகவே முதல் பாடவேளையை மடிப்பதற்கென்றே விட்டுவிடுவது நல்லது. கைப்பேசியோடு பொருத்திப் படமெடுக்கும் வசதியைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம் என்றும் கருதுகிறேன். படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வரைவதற்கு யாரும் உட்காருவதில்லை, வரையாமல் உற்றுப்பார்ப்பதும் குறைந்துவிடுகிறது.

ஆசிரியர் பயிற்சியில் இதைப் பயன்படுத்துவதாக இருந்தால், கருவியைக் கொடுத்து எப்படி மடிப்பது என்று காட்டி அனுப்பிவிடுவதால் எந்தப் பயனும் இல்லை. முன்பின் அறியாத ஒரு பொருளை ஆசிரியர்களுக்கே வைத்துக்கொடுத்து, விடை யாரும் சொல்லாமல், அவர்களை வரையவும் வாதிடவும் விட வேண்டும். கொசு இறக்கையின் செதில்களை வைத்து ஒருமுறை அப்படிச் செய்தபோது, எம்.எஸ்சி. படித்த ஆசிரியர்கள் இருவர் இது தூசியா செதிலா என்று விடாமல் வாதாடி, இறுதியில் வேறு பூச்சிகளின் இறக்கைகளையும் தேடிக்கொண்டுவந்து ஒப்பிட்டார்கள். தாங்களே தெரியாமல் நின்று தேடிய அனுபவம் ஒன்று இருந்தால்தான், மாணவன் தவறாக ஒன்றைச் சொல்லும்போது சிவப்பு மைப் பேனாவைச் சற்றுத் தாமதித்து எடுக்கும் பொறுமை வரும்.

வாங்குவதைப் பற்றிய என் பரிந்துரையைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் இது மிகப் பொருத்தம். இருவருக்கு ஒன்று என்ற கணக்கில், வகுப்பறைக்கென்று மொத்தமாக விற்கும் தொகுப்பை வாங்கலாம். தனி நபருக்கான உலோகப் பெட்டித் தொகுப்பில் கூடுதல் பொருள்கள் இருந்தாலும் பள்ளிக்கு அவை இன்றியமையாதவை அல்ல. ஒட்டுத்தாள், இடுக்கி, சொட்டுக்குழாய் எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இதைக் கூட்டு நுண்ணோக்கிக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக வைத்துக்கொள்ள முடியாது. பொதுத்தேர்வுச் செய்முறைக்கு மாணவர்களைத் தயார்செய்வது மட்டுமே நோக்கமென்றால் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பீரோவில் இருப்பதை வெளியே எடுத்துத் துடைத்துக் கொடுத்தாலே போதும். வாங்க முடிவுசெய்த பள்ளி, கருவிக்கான தொகையை ஒதுக்கும்போதே வாரத்துக்கு ஒரு பாடவேளையையும் கால அட்டவணையில் ஒதுக்கித் தர வேண்டும். அந்த வேளையில் எந்தப் பாடம் எவ்வளவு முடிந்தது என்று தலைமையாசிரியர் கேட்காமல் இருப்பதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மனமில்லாத பள்ளிகளுக்கு நான் இக்கருவியைப் பரிந்துரைக்கமாட்டேன்.